துப்பறியும் கதைகளில் நாய்

துப்பறியும் நவீனங்களைப் படித்து இன்புறுவோர் எல்லாரும் ஒரே சுவையுடையவரல்லர். துப்பாக்கி வேட்டும் இரத்தமும் இருட்டுச் சந்துகளும் நிறைந்த கதைகளை விரும்புவோர் ஒரு சாரார். கொலை ஒன்று நடந்தது என்ற செய்தி மட்டும் போதும், அதன் கோரம் கண்முன் விரிய வேண்டியதில்லை, யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்னும் புதிரை அமைதியாக இருந்து அவிழ்ப்பதே இன்பம் என்போர் மற்றொரு சாரார். இப்பின்னையோருக்கென எழுதப்படும் கதைகளை ஆங்கில வாசகர் ‘கோஸி’ என்னும் பெயரால் வழங்குவர். தேநீர்ப் பாத்திரத்தின் சூடு ஆறாதிருக்க அதன்மேற் கவிழ்க்கும் துணியுறைக்கும் அவர்களிடையே அதுவே பெயர். அச்சொல்லே இக்கதைகளின் இயல்பைக் காட்டிவிடுகின்றது. சிறியதொரு கிராமம், ஒருவரையொருவர் அறிந்த மக்கள், திரைக்குப் பின்னால் நிகழும் கொலை, பொலிஸ் உத்தியோகம் எதுவுமில்லாத ஒருவர், பெரும்பாலும் ஒரு முதிய மாதோ ஆசிரியையோ கடைக்காரரோ, துப்பறிய முற்படுகின்றார், முடிவிற் குற்றவாளி பிடிபடுகின்றான், ஊர் பழைய அமைதிக்குத் திரும்புகின்றது. இவற்றை நாம் ‘இதமான மர்மக் கதைகள்’ என அழைக்கலாம்.

இக்கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் பாத்திரம் ஒன்றைப் பற்றியே நேயர்களுடன் இன்று பேச எண்ணுகின்றேன். அப்பாத்திரம் நாய். கதையில் நாய் வந்தாற் புத்தகத்தை ஆவலோடு எடுப்போர் உளர். நாய் வந்தால் மூடிவைப்போரும் உளர். இவ்விரு சாராரின் கருத்துக்களையும் வகுத்து, எது எவ்வளவு ஏற்கத்தக்கது என ஆராய்வது இப்பேச்சின் நோக்கம். இது வேடிக்கையான பொருளாகத் தோன்றலாம். ஆயினும், சாட்சி என்பது யாது, அதனை எங்ஙனம் நிறுத்துப் பார்ப்பது என்னும் வினா இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. அவ்வினாவுக்குத் தவறான விடை கூறியதனாற் சிறையில் வாடிய மனிதரும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நாய் இக்கதைகளுள் எவ்வாறு புகுந்தது என்பதை முதலிற் காண்போம். பொலிஸ் அதிகாரிக்குச் சட்டம் தந்த உரிமைகள் பல. அவர் எவர் வீட்டுக் கதவையுந் தட்டிக் கேள்வி கேட்கலாம்; நீதிமன்ற ஆணை பெற்று வீட்டைச் சோதனையிடலாம். தபாற் கந்தோரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கோ ஓய்வுபெற்ற ஆசிரியைக்கோ இவ்வுரிமைகளுள் ஒன்றேனும் இல்லை. விடியற் கருக்கலில் அயலார் வேலியோரம் அவள் ஏன் நிற்கவேண்டும்? முன்பின் அறியாதவரோடு ஏன் பேச்சுக் கொடுக்கவேண்டும்? பிறர் தோட்டத்துள் ஏன் நுழையவேண்டும்? கையில் நாய்க் கயிறு இருந்தால் இக்கேள்விகள் எழா. நாய் உலாவ வேண்டும், ஆகவே அவளும் உலாவுகின்றாள். நாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிற்று, ஆகவே அவளும் பின்னால் ஓடினாள். நாயைக் கண்டவர் நின்று இரண்டு வார்த்தை பேசுவர். அவ்விரண்டு வார்த்தையில் ஒரு துப்புக் கிடைக்கும். புதரடியிற் கிடக்கும் பிணத்தை முதலில் மோப்பம் பிடிப்பதும் பெரும்பாலும் நாய்தான்.

இன்னுமொரு பயனும் உண்டு. துப்பறிபவர் தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னால் அன்றி வாசகருக்கு அது தெரியவராது. ஷேர்லொக் ஹோம்ஸுக்கு டொக்டர் வொட்சன் இருந்தார். தனித்து வாழும் முதிய மாதுக்கு யார் இருக்கின்றார்? அடுப்பங்கரையிற் படுத்திருக்கும் நாய் இருக்கின்றது. அது குறுக்கே பேசாது. கேட்ட இரகசியத்தை வெளியிற் சொல்லவும் மாட்டாது. இனிட் பிளைட்டன் அம்மையார் சிறுவர்க்கென எழுதிய துப்பறியும் கதைகளிலும் இவ்வுத்தி நன்கு பயன்பட்டுள்ளது. 1942இல் தொடங்கி 21 நூல்களாக வெளிவந்த ஐவர் குழுக் கதைகளில் ரிம்மி என்னும் நாயே ஐந்தாவது உறுப்பினன். நான்கு பிள்ளைகள் பெரியோர் துணையின்றித் தீவுகளிலுங் குகைகளிலுந் திரிய வீட்டார் இடங்கொடுப்பதெங்ஙனம் என்று வாசகர் வினவின், அதற்குரிய விடையும் ரிம்மியே.

இனி, நாயைச் சாட்சியாகக் கொண்ட கதைகளுக்கு வருவோம். இவ்வகையிற் புகழ்பெற்றது ஆதர் கொனன் டொயில் 1892ஆம் ஆண்டு ‘ஸ்ட்றான்ட்’ சஞ்சிகையில் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ என்னுஞ் சிறுகதை. டாட்மூர் என்னும் மேட்டுநிலத்திலுள்ள குதிரை லாயமொன்றிலிருந்து பந்தயக் குதிரையொன்று இரவிற் காணாமற் போகின்றது. குதிரையைப் பழக்கும் ஸ்ட்றேக்கர் வெட்டவெளியில் இறந்து கிடக்கின்றார். லாயத்தைக் காத்திருந்த பையனோ அபினி கலந்த உணவை உண்டு மயங்கிவிட்டான். அன்றிரவுச் சமையல் ஆட்டிறைச்சிக் கறி. அபினியின் சுவையை மறைக்கவல்லது கறியின் காரம். அன்று கறி சமைக்கும்படி செய்யக்கூடியவர் வீட்டாரே அன்றி வெளியார் அல்லர். கறியின் இயல்பை நன்கறிந்த நமக்கு இத்துப்பு எளிதில் விளங்கும்.

ஆயினும் கதையின் உயிர்நிலை வேறொன்று. லாயத்தில் ஒரு நாய் இருந்தது. நள்ளிரவில் ஒருவன் உள்ளே வந்து குதிரையைக் கொண்டுசென்றான். மேல்மாடியில் உறங்கிய இரு பையன்களும் விழிக்கவில்லை. ஆகவே நாய் குரைக்கவில்லை என்பது பெறப்படும். குரைக்காமையே துப்பு என்றார் ஹோம்ஸ். வந்தவன் நாய்க்கு நன்கு பழக்கமானவன், அவன் ஸ்ட்றேக்கரே. இங்கே நாய் செய்தது ஒன்றுமில்லை. நாயின் இயல்பை அறிந்த மனிதன், நடவாத ஒன்றிலிருந்து நடந்ததை ஊகித்தான். வாசகர் பலர் இக்கதையை இன்றும் போற்றுவதற்குக் காரணம் இந்நேர்மையே. நாய் மனிதனாக நடிக்கவில்லை, அறிவாளியாகவும் காட்டப்படவில்லை. எந்த வீட்டு நாயும் செய்வதையே அதுவும் செய்தது.

1902இல் நூலாக வெளிவந்த ‘பாஸ்கவில் வேட்டைநாய்’ என்னும் நவீனத்திலும் இதே நேர்மையைக் காணலாம். ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பேய்நாய் என்று ஊரார் நடுங்குகின்றனர். இலண்டன் ஹோட்டலில் அக்குடும்பத்து வாரிசின் புதிய சப்பாத்து ஒன்று களவு போகின்றது. பின்னர் அது திரும்பக் கிடைக்கின்றது. பழைய சப்பாத்து ஒன்று காணாமற் போகின்றது. அணியாத சப்பாத்தில் மனித மணம் இராது. அணிந்த சப்பாத்தில் இருக்கும். பேய்க்கு மணம் எதற்கு? மணம் வேண்டுவது உயிருள்ள நாய்க்கு. ஆகவே இது பேயன்று, மனிதனொருவன் மறைத்து வளர்க்கும் நாயே என ஹோம்ஸ் தெளிகின்றார். பின்னர் அந்த நாய் ஆள்மாறி ஒரு கைதியைத் துரத்திச் சாகடிக்கின்றது. உண்மையில் நாய் பிழை செய்யவில்லை. அக்கைதி அணிந்திருந்தவை அவ்வாரிசின் பழைய உடைகள். நாய் தனக்குக் கற்பித்த மணத்தையே தொடர்ந்தது.

இதற்கு முன், 1890இல் வெளிவந்த ‘நால்வர் சின்னம்’ என்னுங் கதையில் ரோபி என்னும் கலப்பின நாய் வருகின்றது. குற்றவாளி ஒருவனின் காலிற் கிறியோசோட்டுத் தைலம் பட்டுவிட்டது. அம்மணத்தைத் தொடர்ந்து ரோபி இலண்டன் வீதிகளினூடே ஹோம்ஸையும் வொட்சனையும் இழுத்துச் செல்கின்றது. இறுதியில் மரக்காலை ஒன்றினுட் புகுந்து, கிறியோசோட்டுப் பீப்பாய் ஒன்றின்மேல் ஏறி நின்று வெற்றிப் பெருமிதத்தோடு பார்க்கின்றது! இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். தைலத்தைத் தேடென்று சொன்னார்கள், அது தைலத்தைத் தேடித் தந்தது. கள்ளனைத் தேடென்று அதற்கு யாருஞ் சொல்லவில்லை. நாய்ச் சாட்சியத்தின் வலிமையும் எல்லையும் இந்தச் சிரிப்பினுள்ளே இருக்கின்றன.

இவ்வெல்லையை மிகத் தெளிவாக உணர்த்தியவர் செஸ்டர்ட்டன். அவர் படைத்த பிறவுண் பாதிரியார் துப்பறிதலைத் தொழிலாகக் கொண்டவரல்லர், கத்தோலிக்கக் குருவானவர். 1926இல் வெளிவந்த அவரது கதைத் தொகுதியொன்றில் ‘நாயின் அசரீரி’ எனப் பெயரிடத்தக்க கதையொன்று உண்டு. தோட்டத்துக் குடிலொன்றில் ஒருவர் குத்திக் கொல்லப்படுகின்றார். அதே வேளையிற் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்த நாய் துயரத்தோடு ஊளையிடுகின்றது. பின்னர் அந்நாய் குடும்ப வழக்கறிஞரைக் கண்டு சீறிக் குரைக்கின்றது. தூரத்தே நடந்த கொலையை நாய் உணர்ந்தது, கொலையாளியையும் காட்டிக்கொடுத்தது என்று இளைஞனொருவன் வியந்து கூறுகின்றான். பாதிரியார் அவ்வியப்பை ஏற்கவில்லை. நாய் அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கின்றார். கடலில் எறிந்த தடிகளை நீந்தி எடுத்து வந்துகொண்டிருந்தது. அப்படியாயின் ஊளைக்குக் காரணம் எளிது. கடைசியாக எறியப்பட்ட தடி மிதக்கவில்லை, அமிழ்ந்துவிட்டது. மரத்தடி மிதக்கும். அமிழ்ந்த தடியினுள்ளே இரும்பு இருந்திருக்கவேண்டும், அதுவே வாள் மறைத்த கைத்தடி, கொலைக் கருவி. எடுத்துவரச் சென்ற பொருள் கிடையாமையால் நாய் முறையிட்டது. வழக்கறிஞரைக் கண்டு குரைத்ததற்குக் காரணம், அவர் நாய்க்கு அஞ்சிப் பதறும் இயல்பினர் என்பதே. நாய் உண்மையையே சொல்லிற்று. அதற்கு அசரீரி வாக்கின் மதிப்பைக் கொடுத்தவர் மனிதர். குற்றமற்ற ஒருவரின் கழுத்துக்குக் கயிறு வர இருந்தது அந்த மதிப்பினால் அன்றோ?

அகதா கிறிஸ்டி அம்மையார் 1937இல் எழுதிய ‘வாய்பேசாச் சாட்சி’ என்னும் நவீனத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். தம் வளர்ப்பு நாயாகிய பீட்டருக்கு அவர் அந்நூலைக் காணிக்கையாக்கினார். செல்வமுள்ள முதிய மாது ஒருவர் இரவில் மாடிப்படியிலிருந்து விழுந்துவிடுகின்றார். வீட்டு நாயாகிய பொப் தன் பந்தைப் படிமேல் விட்டுவைப்பது வழக்கம். பந்து இடறி விழுந்தார் என எல்லாரும் நாயைப் பழிக்கின்றனர். ஆனால் அன்றிரவு முழுவதும் நாய் வீட்டிலேயே இல்லை, வெளியே திரிந்தது. பந்தோ மேசை இழுப்பறையினுள் இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்து எண்ணிய அம்மூதாட்டி, ஹேர்க்கியூல் புவாறோவுக்குக் கடிதம் எழுதுகின்றார். கடிதம் சென்று சேர்வதற்கு இரண்டு மாதத்துக்கு மேலாகிவிடுகின்றது. அதற்குள் அவர் இறந்தும் விடுகின்றார். குற்றவாளி யாரென்பதை நான் இங்கே வெளியிடேன். படிக்க விரும்புவோரின் இன்பத்தைக் கெடுத்தலாகாது. கவனிக்கவேண்டியது இது: இந்நூலில் நாய் சாட்சி மட்டுமன்று, குற்றஞ்சாட்டப்பட்ட கைதியுமாகும். வாயில்லாத கைதிக்காக வாதாட ஒருவர் வேண்டும். புவாறோ தொழில்முறைத் துப்பறிவாளர். அவருக்கு முன்னரே தன் நாயின் குற்றமின்மையை உணர்ந்து துப்பறிந்தவர் அம்மூதாட்டியே என்பதை வாசகர் மறத்தலாகாது.

பிற்காலத்தில் இவ்வகைக் கதைகள் அமெரிக்காவிற் பெருகின. 1990ஆம் ஆண்டை ஒட்டி நாய்க்கெனவே தனித் தொடர்கள் தோன்றின. சூசன் கொனன்ட் எழுதிய தொடரில் துப்பறிபவள் நாய் பழக்குபவள். நாய்ப் பத்திரிகையில் எழுதுபவளுங்கூட. லோறியன் பெறென்சன் 1995இல் தொடங்கிய தொடரில் துப்பறிபவள் ஆசிரியை. பூடில் என்னும் சடைநாய்களின் கண்காட்சிகளே கதைக்களம். றீட்டா மே பிறவுண் 1990இல் தொடங்கிய தொடரில் வேர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் தபாற் கந்தோர்ப் பெண் துப்பறிகின்றாள். அவளது பூனையும் டக்கர் என்னும் நாயும் தமக்குள் உரையாடித் தாமும் துப்பறிகின்றன. ஸ்பென்சர் குவின் என்னும் புனைபெயரில் ஒருவர் 2009இல் தொடங்கிய தொடரில் கதை முழுவதையும் சொல்வதே செட் என்னும் நாய்.

இனி வாசகர் கருத்துக்களை நோக்குவோம். அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கதையில் நாய் சாகக்கூடாது என்பது. இதமான மர்மக் கதைகளைப் படிப்போரிடையே இதனிலும் உறுதியான கருத்து வேறில்லை. மனிதர் இருவர் மூவர் கொலையுண்டாலும் பொறுத்துக்கொள்ளும் வாசகர், நாய்க்கு ஊறு நேர்ந்தால் அந்த ஆசிரியரின் நூலை மீண்டுந் தொடுவதில்லை என்பர். பழைய ஆசிரியர்கள் இத்துணைத் தயங்கினாரல்லர். 1887இல் வெளிவந்த முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் கதையில், பிணியுற்றுச் சாகும் நிலையிலிருந்த நாயொன்றுக்கு நஞ்சுக் குளிகையைக் கொடுத்து ஹோம்ஸ் பரிசோதிக்கின்றார். இன்று அப்பகுதியைப் படிப்போர் முகஞ்சுளிக்கின்றனர்.

மனிதன் இறக்கலாம், நாய் இறக்கலாகாது என்பது தலைகீழான அறம் அன்றோ எனச் சிலர் கண்டிப்பர். இக்கண்டனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் வாசகரின் உள்ளத்தை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். இக்கதைகளிற் கொலையுண்பவர் பெரும்பாலும் ஊராரின் வெறுப்பைத் தேடிக்கொண்டவர். அவரது சாவு ஒரு கணக்கின் முதல் வரி போன்றது. நாயோ எவருக்கும் தீங்கெண்ணாதது. தன்னை நம்பியவரை விட்டகலாதது. பழகிய பாகனையே கொல்லும் யானையையும், தன் மேற் பாய்ந்த வேல் உடம்பில் நிற்கவும் வாலாட்டும் நாயையும் ஒப்பிட்டு நட்பின் தன்மையை உணர்த்திற்று நாலடியார். நாயைக் கைவிட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என நின்ற தருமன் கதையை நாம் அனைவரும் அறிவோம். நம்பியதைக் கைவிடலாகாது என்னும் அவ்வுணர்ச்சியே இவ்வாசகரிடத்தும் உள்ளது. எனவே இதனைப் பழிக்கவேண்டியதில்லை. ஆனால் நாயின் உயிர் காக்கப்பட்டுவிட்டது என்னும் நிம்மதியில், இறந்த மனிதனுக்காக ஒருவருங் கண்கலங்காத கதையை நல்ல கதையென்று நான் கொள்ளமாட்டேன். கொலை வெறுங் கணக்காகிவிட்டால், குற்றவாளி பிடிபடுவதிலும் நீதி இராது. கணக்கு முடிந்த திருப்தி மட்டுமே இருக்கும்.

இரண்டாவது கருத்து, நாய் பேசலாமா என்பது பற்றியது. மிருகங்கள் உரையாடுங் கதைகளை விரும்புவோர், பஞ்சதந்திரம் தொட்டு வந்த மரபு இது என்பர். விரும்பாதோர், புதிர்க் கதைக்கு இது பொருந்தாது என்பர். துப்பறியும் கதை வாசகரோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். துப்புக்கள் எல்லாம் நேர்மையாக முன்வைக்கப்படவேண்டும். நாய்க்கு எல்லாந் தெரிந்து, அது பூனையிடம் சொல்லி, வாசகருங் கேட்டுவிட்டால், துப்பறிபவள் மட்டும் அறியாமல் நிற்பது சலிப்பைத் தரும். இவ்விடயத்தில் ஸ்பென்சர் குவின் கையாண்ட முறை பாராட்டுக்குரியது. அவரது நாய் கதை சொல்கின்றது. ஆனால் நாயின் அறிவோடே சொல்கின்றது. அது மணங்களை நுட்பமாக அறியும், அவற்றின் பொருளை அறியாது. முக்கியமான ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, உணவுத் துண்டொன்றைக் கண்டு எண்ணத்தைக் கைவிட்டுவிடும். நாய் விட்ட இடத்திலிருந்து வாசகரே ஊகிக்கவேண்டும். வாய் பெற்றும் அது நாயாகவே இருக்கின்றது.

மூன்றாவது, நாய் வெறும் அலங்காரமாகிவிடுகின்றது என்னும் முறைப்பாடு. அட்டையில் அழகிய நாய். உள்ளே நாய் வளர்க்கும் முறை, மயிர் சீவும் முறை, பிஸ்கட் செய்யும் முறை. கொலைக்கும் நாய்க்கும் தொடர்பில்லை. நாயை எடுத்துவிட்டாற் கதை குறைவுபடுமா என்று கேட்பதே இதற்குரிய உரைகல். ‘சில்வர் பிளேஸ்’ கதையில் நாயை எடுத்துவிட்டாற் கதையே இல்லை. ஆனால் கிறிஸ்டி அம்மையார் தம் முதுமையில், 1973இல், வெளியிட்ட ‘பொஸ்டேர்ன் ஒப் பேட்’ என்னும் நவீனத்தைப் பாருங்கள். ஓய்வுபெற்ற தம்பதியரும் ஹனிபல் என்னும் அவர்களது நாயும் அதில் வருகின்றனர். அந்நாயின் உயிர்த்துடிப்பை எல்லாரும் புகழ்வர். கதைப் பின்னல் தளர்ந்துவிட்டதென்று அவரது அன்பர்களே கூறுவர். எவ்வளவு நல்ல நாயும் தளர்ந்த கதையைத் தாங்கி நிறுத்தமாட்டாது.

இதற்கு மறுதலையாக, வந்த நாய் என்னவாயிற்று என்று தேடும் வாசகரும் உளர். முதலாவது ஹோம்ஸ் கதையில், தம்மிடம் ஒரு நாய்க்குட்டி உண்டென்று வொட்சன் கூறுகின்றார். பின்னர் அந்த நாய்க்குட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. அது எங்கே போயிற்று என்று ஹோம்ஸ் அன்பர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். அஃது உண்மையில் நாயன்று, தம் முன்கோபத்தையே அவர் அவ்வாறு குறித்தார் என்று கூறுவோரும் உளர். ஆசிரியர் மறந்தாலும் வாசகர் மறவார் என்பதற்கு இஃதொரு சான்று.

நான்காவது, இவ்வகைக் கதைகளைப் படிப்பதே வீண் என்னுங் கருத்து. சிற்றூர் ஒன்றில் ஆண்டுக்கு நான்கு கொலை நடப்பது நம்பத்தக்கதா என்று கேட்பர். நம்பத்தக்கதன்று என்பதை அதனை விரும்பிப் படிப்போரும் அறிவர். நோயுற்றுப் படுத்திருக்குங் காலத்தும், துயருற்ற காலத்தும், குழப்பம் தெளிவாகும், குற்றம் வெளிப்படும், நாய் வீடு திரும்பும் என்னும் உறுதியோடு படிக்கத்தக்க நூல் ஒன்று கையிலிருப்பது பெரிய ஆறுதல். அவ்வாறுதலை நாடுவோரை இகழ்தல் முறையன்று. ஆயினும் ஆறுதலோடு ஒரு பயிற்சியையும் இவை தரக்கூடும். அதனாலேயே இவற்றை நான் மாணவர் கையிலுங் கொடுக்கத் தயங்கேன்.

அப்பயிற்சி யாது? நாயின் மூக்கு வியத்தகு கருவி. மனித மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் 50 அல்லது 60 இலட்சம் எனின், நாய் இனங்கள் சிலவற்றுக்கு 20 கோடிக்கும் மேல். ஆயினும் 2011இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட பரிசோதனை நமக்கு எச்சரிக்கையாகும். மோப்ப நாய்களையும் அவற்றை நடத்துவோரையுமாக 18 இணைகளை ஒரு கட்டிடத்துட் சோதனைக்கு விட்டனர். அங்கே போதைப்பொருளோ வெடிமருந்தோ ஒரு துகளும் இல்லை. இருக்கலாம் என்று மட்டும் நடத்துவோருக்குச் சொல்லப்பட்டது. சில இடங்களுக்கு அடையாளமும் இடப்பட்டிருந்தது. ஒன்றுமில்லாத அவ்விடத்திற் பல முறை ‘நாய் காட்டிற்று’ என அவர்கள் அறிவித்தனர். அடையாளமிட்ட இடங்களிலேயே இது மிகுதி. மனிதன் எதிர்பார்த்ததை நாய் அவன் முகத்திலும் நடையிலும் கண்டுகொண்டதோ, அன்றி நாய் செய்யாததை அவன் கண்டதாக எண்ணினானோ, எவ்வாறாயினும் பிழையின் வேர் அவன் எதிர்பார்ப்பிலேயே இருந்தது.

இது பரிசோதனையோடு நின்றிருந்தாற் கவலையில்லை. புளோரிடா மாநிலத்தில் 1981ஆம் ஆண்டு ஒருவர் கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அவருக்கெதிராகக் கொணரப்பட்ட சான்றுகளுள் ஒன்று, மோப்ப நாய் அவரை இரத்தக்கறை படிந்த சட்டையோடு தொடர்புபடுத்திற்று என நாயை நடத்தியவர் கூறிய வாக்குமூலம். 27 ஆண்டுகள் சென்றபின், 2008இல், அச்சட்டையிற் செய்த மரபணுச் சோதனை அது அவருடையதன்று எனக் காட்டியது, அவர் விடுதலையானார். நாயை நடத்தியவரின் உரிமைகோரல்கள் நம்பத்தகாதவை என்பது முன்னரே வெளியாகியிருந்தது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அதன் பெயரால் ஏறியவர் மனிதர். குறுக்கு விசாரணைக்கு நாய் விடை கூறமாட்டாது. ஆகவே அதன் பெயராற் கூறப்படுவதை இருமடங்கு விழிப்போடு ஆராயவேண்டும்.

பிறவுண் பாதிரியாரின் கதையும் ரோபியின் பீப்பாயும் நமக்குக் கற்பிப்பது இதுவே. ஆகவே நாய் வருந் துப்பறியுங் கதையைப் படிக்கும் நேயர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு படிப்பாராக. நாய் செய்தது என்ன? அதனை நேரிற் கண்டவர் யார்? அதற்குப் பொருள் கூறியவர் யார்? முதற் கேள்விக்கு விடையாவது உண்மை. மூன்றாவதற்கு விடையாவது ஒரு மனிதனின் கருத்து. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறையாது காட்டும் ஆசிரியர் நல்லாசிரியர். அவ்விடைவெளியை மூடி, நாய்க்கு எல்லாந் தெரியும் என்று நம்மைத் தலையாட்ட வைப்பவர், நம் நாயன்பைக் காசாக்குபவர்.

இதமான மர்மக் கதை பொழுதுபோக்குக்குரியது. அதனிடத்திற் காவியச் சுவையை எதிர்பார்த்தல் கூடாது. ஆயினும் ஒரு மாலைப் பொழுது அதனைப் படித்தெழுந்தவர், மறுநாள் அயலாரைப் பற்றிய வதந்தியொன்றைக் கேட்கும்போது, ‘கண்டது எது, கருதியது எது’ என ஒரு கணம் தம்மைக் கேட்டுக்கொள்வாராயின், அந்நூல் அவருக்குப் பயன்பட்டது எனலாம்.